இரண்டாம் பக்கத்தின் கடைசி அடி

பெட்டாலிங் ஜெயா
3 மார்ச் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தப் பார்சலைப் பாராங் கத்தியால் கீறாதீர்கள், கையால் பிரியுங்கள். உள்ளே அப்பா இருக்கிறார்.

இருபது வருடத்துக்கு முன் அப்பாவின் குழு செரம்பானில் வாசித்துப் பதிந்த உறுமி மேள இசைத்தட்டை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மறுபடி அச்சிட்டிருக்கிறது. மூல ஒலிநாடாவைத் தேடிப் பிடித்து, இரைச்சலை எடுத்து, கனமான தட்டாகப் போட்டிருக்கிறார்கள். அட்டையில் அதே படம்தான். அப்பா நடுவில், உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு, படம் எடுப்பவரை அடிக்கப் போகிறவர் போல முறைத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இப்படிப்பட்ட மறுபதிப்புகளைத்தான் தேடுகிறார்கள். ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தட்டைத் தொடுவார். பழையது வீட்டில் இருக்கும்போது புதியதை வாங்கத் தகுமா என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. ஆங்கிலப் பாட்டுக்கும் சீனப் பாட்டுக்கும் தைரியமாக எழுதிவிட்டேன். எனக்கு அவை தெரியாது, அதனால் பயமில்லை. இதற்கு எழுத முடியவில்லை. அப்பா வாசித்ததை நான் சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருந்துதான் கேட்டிருக்கிறேன். நீங்கள் அவர் பக்கத்திலேயே நின்று வாசித்தவர். கேட்டுவிட்டு எழுதுங்கள். நீங்கள் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றி முதலாளி லிம்மிடம் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று. தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் மணியம், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது உங்களை அறைந்ததாக அம்மா சொன்னார். நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

தங்கை,
நீலாவதி

*

லாபு
12 மார்ச் 1996

நீலாவுக்கு அண்ணன் எழுதுவது.

கையால்தான் பிரித்தேன், மகாராணி.

முதல் பக்கத்தைப் பழைய தட்டோடு மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். வலது காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பழையதில் அப்பா மழையில் நின்று வாசிப்பார். இதில் மழை விட்டுவிட்டது. வளைந்த குச்சி தோலில் தேய்வதும், கட்டைவிரல் இடம் மாறுவதும் கேட்கிறது. நடுவில் மூச்சு வாங்குகிறார். நம்மை அடிக்க வரும்போது வாங்குகிற அதே மூச்சு. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து, "யாருடா வந்திருக்கா?" என்று கேட்டது.

உன் முதலாளியிடம் சொல், தாராளமாக வாங்கலாம். ஆனால் அப்பனிடம் உதை வாங்கி வளர்ந்தவன் தனியாக உட்கார்ந்து கேட்கக் கூடாது.

இரண்டாம் பக்கம் இன்னும் போடவில்லை. உனக்குத்தான் தெரியுமே, முனியை இறக்குகிற அழைப்பு அடியைச் சும்மா அடிக்க முடியாது. எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் ஏற்றி, சுற்றி நிற்கிற எல்லார் கையில் இருக்கிற கத்தியையும் பாராங்கையும் வாங்கிச் சன்னிதியில் வைத்த பிறகுதான் அந்த ஏழு அடி. இல்லாவிட்டால் இறங்குகிறவர் எதைப் பிடிப்பார், யாரைப் பிடிப்பார் என்று சொல்ல முடியாது. பழைய தட்டில் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அந்த ஏழும் இருக்கிறது என்று தோட்டமே சொல்கிறது. கரகரப்புக்குள்ளே சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அப்பா உயிரோடு இருந்தவரை, கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார். வருகிற ஞாயிறு தோட்டத்து ஹாலில் ஒலிபெருக்கி செட்டு வைத்துப் போடப் போகிறேன். எல்லாரும் கேட்கட்டும்.

மணியம் விஷயம். பழுக்காத செம்பனைக் குலையை வெட்டினேன் என்று, இருநூறு பேர் வரிசையில் நிற்க, கன்னத்தில் விட்டான். "இந்தா, உன் தங்கச்சிக்கும் ஒண்ணு பார்சல் அனுப்பு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் போய் முப்பது மரத்தில் குலை வெட்டினேன். மூன்று நாள் வீங்கியிருந்தது. அவ்வளவுதான். சொல்ல என்ன இருக்கிறது?

கணேசமூர்த்தி

*

பெட்டாலிங் ஜெயா
20 மார்ச் 1996

அண்ணனுக்கு,

போலீஸ் நிலைய விலாசத்துக்கு எழுதினால் உங்களிடம் கொடுப்பார்களா என்று தெரியாமல் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை அம்மா தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீட்டுத் தொலைபேசியிலிருந்து பேசினார். கடையில் ஒருவர் வயலின் தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா அழவில்லை. "மூர்த்தி மணியத்த வெட்டிட்டான்லா. சாமி வந்து வெட்டிட்டான்" என்றார். மழை வந்தது என்று சொல்கிற குரல்.

தோளில் ஒன்று. அடுத்ததைத் தடுக்க மணியம் வலது கையைத் தூக்கியபோது இரண்டு விரல்கள் ஹால் ஓரத்துக் கால்வாயில் விழுந்தன. கோழிகள் கூடிவிட்டன, மணியத்தின் மகன் நல்லசாமி அவற்றைக் காலால் எற்றி விலக்கிவிட்டு விரல்களைப் பொறுக்கி எடுத்தான். அம்மா இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். உங்கள் சட்டையை ஊறப்போட்டிருப்பதாகவும், உங்கள் கடிகாரம் தன்னிடம் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னார். பிறகு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த வயலின் தட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அது நான் அனுப்பிய தட்டு. என்ன நடந்தது என்று நீங்களே எழுதுங்கள். மற்றவர்கள் சொல்லிக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

நீலாவதி

*

லாபு
2 ஏப்ரல் 1996

நீலா,

ஜாமீனில் வந்து நான்கு நாளாகிறது. நீ கேட்டதால் எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

ஹாலில் முதல் பக்கம் ஓடும்போதே சனம் கூடிவிட்டது. "டேய், சன்னாசி எந்திரிச்சு வந்துட்டாருடா" என்று அப்பா பேரைச் சொல்லி ஒருத்தன் கத்தினான். மணியம் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். கடைசியில் ஏழு அடியும் கேட்டது. சுத்தமாக, சத்தமாக. பழம் அறுக்கவில்லை, சூடம் இல்லை, யார் கத்தியையும் யாரும் வாங்கி வைக்கவில்லை. பழையதில் கேட்டும் கேட்காமலும் இருந்தது, புதியதில் நேராக மண்டைக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கண் திறந்தபோது என்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் யாரும் என்னைத் தப்பாகப் பார்க்கவில்லை. நல்லசாமி சன்னிதிக்குச் சேவல் கொண்டுவந்து கொடுத்தான். என்னை வழியில் கண்டால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான். மனுசன் வெட்டியிருந்தால் அன்றைக்கே நம் வீட்டைக் கொளுத்தியிருப்பான். முனி வெட்டினார், அதனால் எல்லாம் அடங்கிக் கிடக்கிறது.

வக்கீல் ஒரு காகிதம் கேட்கிறார். பழைய தட்டில் அழைப்பு அடி தெளிவில்லை, புதியதில் தெளிவாக இருக்கிறது, அது சாமியை இறக்குகிற அடி என்று படித்த ஆள் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டிலும் வந்து சொல்ல வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம், இசைத்தட்டுக் கடையில் வேலை, சன்னாசி மகள். உன்னைவிட யார் கிடைப்பார்கள்? என் தட்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கடையில் இன்னொன்று இருக்குமே, போட்டுக் கேட்டு எழுது. அரைப் பக்கம் போதும். உனக்குப் பழகின வேலைதானே.

கணேசமூர்த்தி

*

பெட்டாலிங் ஜெயா
9 ஏப்ரல் 1996

அண்ணனுக்கு,

கேட்டேன். பழைய தட்டை ஒரு வாடிக்கையாளரிடம் இரவல் வாங்கி, கடையில் சுவருக்கெல்லாம் பஞ்சு வைத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டேன். உங்களுக்குச் சாதகமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

ஏழு அடி இல்லை, அண்ணே.

பழையதில் கடைசியில் கேட்கும் 'டக், டக்' தேய்ந்த பள்ளத்தில் ஊசி இடறுகிற சத்தம், எந்தப் பழைய தட்டிலும் வருவது. இத்தனை வருடமாகத் தோட்டம் அதைத்தான் கேட்டு மிரண்டிருக்கிறது. புதியதில் அந்த இடம் கிணறு போல அமைதியாக இருக்கிறது. அதற்குள் அப்பாவின் குரல் கேட்கிறது: "பழம் அறுக்கலடா. கைய எடு." பிறகு தோலை உள்ளங்கையால் அமுக்குகிறார். யாரோ சிரிக்கிறார்கள். ஒரு நாற்காலி இழுபடுகிறது. முடிந்துவிடுகிறது. அறைக்குள் நான்கு பேர் மட்டும் இருந்தபோதும் அப்பா முறை தவறவில்லை.

நீங்கள் கேட்டதாகச் சொல்வது அந்தத் தட்டில் இல்லை. இருக்கிறது என்று நான் எப்படி எழுதுவது? வகுப்பில் சரியான பதில் தெரிந்திருந்தும் மூன்று வருடம் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவள் நான். தெரிந்ததைச் சொல்லவே எனக்கு நாக்கு வராது. தெரியாததை எப்படிச் சொல்வேன்?

வக்கீலிடம் வேறு வழி கேளுங்கள்.

நீலாவதி

*

லாபு
17 ஏப்ரல் 1996

நீலா,

வேறு வழி இருந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன்?

ஜட்ஜு மலாய்க்காரர். வக்கீல் சீனர். இரண்டு பேருக்கும் ஏழு அடியும் ஒன்றுதான், எழுபது அடியும் ஒன்றுதான். அப்பா பேசுவதைப் பாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். தோட்டத்துச் சனத்தைக் கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்லும். இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீ இருக்கிறது என்றால் இருக்கிறது. அவ்வளவு சுலபம்.

நீ மேல்படிப்புக்குப் போகக் கடிதம் வந்த நாள் நினைவிருக்கிறதா? "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா காலேஜு" என்று அப்பா உறுமிக் கட்டையை எடுத்தார். யார் குறுக்கே வந்து நின்றது? இடது காதில் இன்றைக்கும் வண்டு குடைகிறது. அந்தக் காதுக்கு நீ பட்டம் வாங்கினாய். இப்போது அதே பட்டத்தை வைத்துக்கொண்டு எனக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று சொல்கிறாயா?

நான் உள்ளே போனால் நல்லசாமிக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான் இருக்கும். அதையும் யோசி.

சனிக்கிழமை வருகிறேன். காகிதத்தைத் தயாராக வை.

மூர்த்தி

*

பெட்டாலிங் ஜெயா
22 ஏப்ரல் 1996

அண்ணனுக்கு,

உதட்டில் இரண்டு தையல். பல்லுக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் என்னை அடித்தபோது மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அந்த வெள்ளைக் கையுறைக்காரர் கையில் ஒரு தட்டு இருந்தது. நான் தரையில் விழும்வரை அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், யாரும் இடித்துவிடாமல். லிம் போலீசைக் கூப்பிடப் போனார். நான் வேண்டாம் என்றேன்.

முதல் அறைக்கு முன்னால் நீங்கள் கடிகாரத்தைக் கழற்றினீர்கள். நிதானமாக, கொக்கியை விடுவித்து, ஒலிபெருக்கியின் மேல் வைத்தீர்கள். கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதால்தான் நான் குனியவில்லை. எனக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது.

நேற்று அம்மாவிடம் பேசினேன். கடிகாரம் எப்போது அவர் கைக்கு வந்தது என்று கேட்டேன். "ரெண்டாம் பக்கம் போடறதுக்கு முந்தியே கழட்டிக் குடுத்தான்" என்றார். "புடி, உடைஞ்சிரப் போவுது"ன்னானாம். பாராங் செட்டுப் பெட்டிக்கு அடியில் சாக்கில் சுற்றியிருந்ததாம். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அண்ணே. ஊறப்போட்ட சட்டையோடு அதையும் ஊறப்போட்டுவிட்டார்.

இறங்குகிற சாமி கடிகாரத்தைப் பார்க்காது.

நீங்கள் பட்ட அறை எனக்குத் தெரியாமல் இல்லை. இருநூறு பேர் சிரிக்க, கூடச் சிரித்தேன் என்று எழுதினீர்களே, அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இடது காதையும் மறக்கவில்லை. அதனால்தான் போலீசைக் கூப்பிட விடவில்லை. அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் அம்மா இன்னொன்றும் சொன்னார். மணியம் மூன்றாம் நாளே கட்டோடு ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டாராம். "முனி போட்ட காயத்துக்கு மனுசன் மருந்து வெச்சா குடும்பத்தையே அடிச்சிரும்" என்று கட்டைப் பிரித்து எறிந்துவிட்டு விபூதியும் மஞ்சளும் பூசிக்கொண்டு கிடக்கிறாராம். கை மணிக்கட்டு வரை கறுத்துவிட்டது. நாற்றம் பக்கத்து வீடு வரை அடிக்கிறது. பெண்டாட்டி காலில் விழுந்தும் டாக்டரிடம் போக மறுக்கிறார். என்ன குற்றம் செய்தோம் என்று முனியைக் கேட்டுக் கேட்டு அழுகிறாராம்.

வெட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பொய் முப்பத்தைந்து நாளாக அவரை வெட்டிக்கொண்டிருக்கிறது.

முதலாளிக்குத் தர வேண்டிய அரைப் பக்கத்தை இன்று எழுதினேன். வாங்கத் தகும், பழையதில் இருப்பதாக நினைத்தது உண்மையில் இல்லை என்பது இதில் தெளிவாகக் கேட்கும் என்று எழுதினேன். அதையே வக்கீலுக்கும் எழுதி, உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்ப்பேன். கோர்ட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் நீங்கள் மணியம் வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து, வெட்டியது யார் என்று சொல்லுங்கள். நீங்கள் போகாவிட்டால் நான் வந்து சொல்வேன். கட்டாயம் வருவேன்.

கடிகாரத்தைக் கடையில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இத்துடன் அனுப்புகிறேன்.

நீலாவதி

*

செரம்பான்
29 ஏப்ரல் 1996

நீலா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். முன்பல் இரண்டும் விலா மூன்றும் போயின. எழுதுவதற்குப் பல் தேவையில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். வாசலிலேயே நாற்றம் அடித்தது. மணியம் பாயில் கிடந்தான். கை வாழையிலையில் கிடந்தது, அவன் கை மாதிரியே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிடப் பார்த்தான். என்னையா, எனக்குள் இருந்ததையா என்று தெரியவில்லை. இடது கையை மட்டும் தூக்கி, "சாமி, போதும் சாமி" என்றான்.

அந்த நிமிடம் வரை சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தக் கும்பிடைப் பார்த்தபோது வந்த கூச்சம் அவனை வெட்டும்போதுகூட எனக்கு வரவில்லை.

"சாமியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நாந்தான் வெட்டுனேன். பெரட்டுல அறைஞ்சதுக்கு வெட்டுனேன். தட்டுல ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அப்புறம் நல்லசாமி நாற்காலியை எடுத்தான். நாற்காலி உடைந்த பிறகு அதன் காலை எடுத்தான். நான் கையைத் தூக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, தூக்கினால் விரல் போகும் என்று எனக்குத் தெரியும். மண்டை பிளக்கிற நேரத்தில் மணியம் பாயில் இருந்தே கத்தினான்: "அவன அப்புறம் சாவடிக்கலாம். மொதல்ல வேன எடுடா. என்ன டாக்டருகிட்ட கொண்டு போ."

ஒரே வேனில்தான் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். அவன் சீட்டில், நான் கீழே. வழி முழுக்க அவன் கால் என் கழுத்தில் இருந்தது.

உன் உறையைத் தபாலில் போட்டிருப்பாய். போட்டது சரி. வக்கீலிடம் நானும் சொல்லிவிட்டேன்.

உதடு ஆறிவிட்டதா?

அண்ணன்

*

பெட்டாலிங் ஜெயா
9 ஜூன் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சிறைக்கு எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள் என்று சொன்னார்கள். படிக்கட்டும். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

உதடு ஆறிவிட்டது. தழும்பு உண்டு. அது இருப்பதால் கடையில் இப்போது யாரும் என்னிடம் குரலை உயர்த்துவதில்லை.

நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. நான் பின் வரிசையில்தான் இருந்தேன். ஐந்து வருடம் என்றதும் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கை தூக்கலாமா என்று யோசித்து, தூக்குவதற்குள் உங்களைக் கொண்டுபோய்விட்டார்கள்.

போன ஞாயிறு அம்மாவை அழைத்துவரத் தோட்டத்துக்குப் போனேன். வீட்டில் சன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மா சேலையை விரித்துத் தொங்கவிட்டு உள்ளே படுத்திருந்தார். வீட்டுக் கதவில் பாராங் வெட்டு பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். அம்மா அண்டாவை என் தலையில் ஏற்றினார்.

லோரியில் சாமான் ஏற்றும்போது நல்லசாமி வந்தான். பின்னால் மணியம். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தார். இன்னும் நாலு நாள் போயிருந்தால் உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். உடம்பு தேறியிருந்தது. அழுத முகமாக இல்லை. மறுபடி மண்டோர் முகம் வந்துவிட்டது.

நான் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா பேசு" என்றார். "படிச்ச புள்ளதான."

மறுபடி கேட்டேன்.

அவர் வெகுநேரம் என் உதட்டையே பார்த்தார். "இதுவும் அவன் போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு உங்களுக்கு ஒரு செய்தி சொன்னார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். ஆனால் இருப்பதை இல்லை என்று என்னால் எழுத முடியாது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஒங்கண்ணன் வெளிய வரட்டும். அவசரமில்ல. இடது கையால பாராங் புடிக்கப் பழகிக்கிட்டு இருக்கேன், அஞ்சு வருசம் தாராளம்னு சொல்லு."

அம்மா என்னோடு இருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
நீலாவதி